கிழக்குக் கோபுரத்தில் இருந்தது யார்?

இது நடந்தது. நம்பாதவர்கள் நல்லம்பள்ளிக்குப் போய், கஸ்பார் வீட்டு ஒயர் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். கஸ்பார் மட்டும் அதில் உட்காருவதில்லை.

வருஷம் 1987. மஸ்கட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த கஸ்பார், வீட்டுக்குள்ளும் கூலிங் கிளாஸைக் கழற்றாதவன். அவன் கொண்டுவந்த சாமான்களுக்கெல்லாம் ராஜா ஒரு டிவி கேம். திரையில் கோட்டை. மேற்கே ஒரு கோபுரம், கிழக்கே ஒரு கோபுரம். இரண்டு பக்கமும் எதிரிகள் சாரை சாரையாக வருவார்கள். ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து, ஆளுக்கொரு கோபுரத்திலிருந்து சுட வேண்டும். ஒரு பக்கம் விட்டாலும் கோட்டை காலி. மொத்தம் இருபது ரவுண்டு.

கிழக்கு எப்போதும் மாதுவுக்கு. அந்தப் பக்கத்து ஸ்டிக் அடிக்கடி மக்கர் பண்ணும். ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவன், கஸ்பாரின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்னாலும் நாக்கை 'ட்சொக்' என்று சொடுக்குவான். கோட்டையைக் காப்பாற்றுவது அவன். ஊரெல்லாம் சொல்லிக்கொள்வது கஸ்பார்: "ஒத்தையாளா இருபது ரவுண்டு!"

இந்தப் பீற்றல் பொம்மிடி வரைக்கும் போய்விட்டது. பெண் கொடுக்க இருந்த சவரிராயன், "அதையும் ஒரு தடவ பாத்துடலாங்க" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"மாது, நாளைக்கு இந்தப் பக்கம் வராத. பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க."

"செரிடா. கெழக்க யாரு பாத்துக்குவா?"

"அஞ்சாவது ரவுண்டுல வோல்டேஜ் இல்லன்னு ஆஃப் பண்ணிருவன்."

"மஸ்கட் மூளைடா உனக்கு!" மாது சிரித்தான். டிவிக்குப் பின்னால் ஏதோ நோண்டினான். எதையோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணி. வந்தவர்கள் காபி டம்ளரோடு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பாருக்குப் பக்கத்தில் காலி ஒயர் நாற்காலி. அதன்மேல் இரண்டாவது ஸ்டிக்.

நாலு ரவுண்டு ஓடியது. கிழக்கே சுவர் இடிய ஆரம்பித்தது. சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

ட்சொக்.

கிழக்குக் கோபுரம் சுட்டது.

கஸ்பார் திரும்பினான். ஸ்டிக் ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியின் ஒயர் பள்ளமாகத் தொய்ந்திருந்தது... ஆள் உட்கார்ந்த மாதிரி.

ஆறு... பத்து... பதினைந்து...

கஸ்பார் நாற்காலியையே பார்த்துக்கொண்டு சுட்டான். மேற்கே குறி தப்பியது. அதையும் கிழக்கே இருந்தே யாரோ சுட்டார்கள்.

பத்தொன்பது.

"ரெண்டு பக்கமும் சுடுதே மாப்ள! அந்தப் பக்கம் யாருங்க?" என்றார் சவரிராயன்.

கஸ்பார் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பேர்தான்.

"யாருமில்லீங்க மாமா. நான் ஒருத்தனேதான்."

ஸ்டிக் நின்றது.

தொய்ந்த ஒயர் மெதுவாக மேலே எழும்பியது.

கிரீச்...

கோட்டை விழுந்தது.

"இருக்கட்டுங்க மாப்ள. ஒத்தையாளா பத்தொம்பது ரவுண்டுன்னா சும்மாவா!" சவரிராயன் வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கஸ்பாருக்குத் தலை நிமிரவில்லை. வெட்கப்படுகிறார் மாப்பிள்ளை என்று பெண்கள் சிரித்தார்கள்.

அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் சேதி வந்தது. மதியம் இரண்டரைக்கே, தர்மபுரி ரோட்டில், மாதுவின் சைக்கிளை லாரி அடித்துவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது.

சட்டைப்பையில் இருந்ததை மறுநாள் கஸ்பாரிடம் கொடுத்தார்கள். இரண்டாவது ஸ்டிக்கின் பிளக். கஸ்பார் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அந்த ஸ்டிக்கின் ஒயர், பிளக் இல்லாமல் மொட்டையாகத் தரையில் கிடந்தது.

பிளக்கில் புதிதாகப் பற்றவைத்த ஈயம் பளபளத்தது. பழுது பார்த்து எடுத்துக்கொண்டு, மாது இங்கேதான் வந்துகொண்டிருந்திருக்கிறான். வராதே என்று சொல்லியும்.