சடுகுடு மாதையனின் காப்பி

மாதையன் ஒரு லோட்டா கறுப்புக் காப்பி குடித்துவிட்டுத் தண்டால் எடுத்தால் ஜவ்வாது மலையே ஒரு விரற்கடை தாழும். அவன் எழுந்தால் மலையும் கூடவே எழும். செங்கத்துக்காரர்கள் பூகம்பம் என்று வீட்டை விட்டு ஓடிவருவார்கள். ஒருநாள் அவன் விட்ட பெருமூச்சில்தான் ஜமுனாமரத்தூர் பஸ் டீசல் இல்லாமலே கொண்டை ஊசி வளைவு ஏறியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு வாக்கில் இப்படிச் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவன் தங்கை வடிவு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். வாய்க்கு மட்டும் லீவு விட்டதில்லை.

மற்றபடி மாதையன் சாமை விதைத்து, புளி உலுக்கி வாழ்கிற ஆள். பேச்சு குறைவு. சடுகுடு என்றால் உயிர். எந்த லாரி டிரைவரோ சொன்னது அவன் மனசில் ஒட்டிக்கொண்டது: தண்டால் கசரத்துக்கு முன்னே ஒரு லோட்டா, வேகத்துக்கு, பின்னே ஒரு லோட்டா, உடம்புவலிக்கு.

விடியலில் குடித்துவிட்டு மலைப்பாதையில் ஓடுவான். பனிமூட்டம் அவனை இடுப்பு வரை விழுங்கிவிடும். மிச்ச மாதையன் வெள்ளைக்கு மேலே மிதந்துகொண்டே போவான். ஆடு ஓட்டிப் போகிற வடிவு நின்று பார்ப்பாள். அந்நேரம் மட்டும் அவளுக்குக் கேலி வராது.

காப்பி மெல்ல மெல்லச் சாயங்காலத்துக்கும் வந்தது. தூக்கம் போயிற்று. கண்ணைத் திறந்துகொண்டே பாயில் சடுகுடு பாடினான். போன ஆட்டத்தில் எதிராளி கோட்டுக்குள் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, பாட்டு அறுந்து மாட்டிக்கொண்டான்.

அணித் தலைவன் ரங்கன் சொல்லிவிட்டான். "மாமா, சந்தவாசல் ஆட்டத்துலயும் பாட்ட வுட்டீனா, அப்பறம் வேடிக்கை பாக்கத்தான் நீ வரணும்."

மாதையன் வீட்டுக்கு வந்து, காப்பியை இன்னும் கெட்டியாகப் போடச் சொன்னான்.

வடிவு புளியங்கொட்டையைக் கருக வறுத்து, தோல் நீக்கி, இடித்து, வெல்லம் போட்டுக் கொதிக்கவிட்டாள். பார்வைக்கு அசல் காப்பி. தூக்கத்தைத் துரத்துகிற சங்கதி மட்டும் அதில் கிடையாது.

"இன்னா வடிவு, வாசனை வேற மாரி கீது?"

"புதுத் தூளுண்ணா. மைசூர் அரமனைக்குப் போறது. நமக்குக் கெடச்சதே பெரிசு."

"கசக்குதே."

"ராஜாங்க கசப்பாத்தான் குடிப்பாங்க."

அவளை ஒரு தரம் பார்த்தான். குடித்தான். அன்று பாயில் சாய்ந்தவன் கோழி கூவியும் எழவில்லை. ஆட்டத்து நாள் வரை அதே காப்பி, அதே தூக்கம்.

சந்தவாசல் மைதானத்தில் அவன் பாடப் போனபோது வடிவு கூட்டத்தை இடித்துக்கொண்டு கோட்டோரம் வந்து நின்றாள். நிஜமாகவே காப்பியில்தான் அவன் பலம் இருந்திருந்தால்? அண்ணன் ஆட்டத்தை அவளே வறுத்து இடித்துவிட்டாளோ?

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

குரல் ஒரே சீராக, தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் கேட்டது. ஜனங்களின் கூச்சல் எங்கோ பள்ளத்தில் ஓடுகிற ஓடையாகிவிட்டது. இரண்டு பேர் காலைக் கவ்வினார்கள். அவன் தண்ணீருக்குள் நடப்பவன்போல, அவசரமே இல்லாமல், அவர்களையும் சேர்த்து இழுத்து வந்து கோட்டைத் தொட்டான். பாட்டு அறவில்லை. ரங்கன் கட்டிப்பிடித்து, "அடுத்த ஆட்டத்துக்கும் நீதான் மாமா!" என்றபோதும் அவன் உதடு பாடிக்கொண்டிருந்தது.

மைதானத்தை ஒட்டி சனாவுல்லா பாய் கடை. "வாங்க மாதையா! உங்க பலமெல்லாம் காப்பியிலதான்னு தங்கச்சி சொல்லிச்சு. இந்தாங்க, அசல் தூளு."

ஆவி பறக்கும் தம்ளரைப் பார்த்ததும் வடிவின் வாய் முதல்முறையாக அடைத்துக்கொண்டது. ஒரு மடக்கு உள்ளே போனால் குட்டு உடைந்துவிடும்.

மாதையன் முகர்ந்து பார்த்தான். குடிக்கவில்லை. தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீ குடி கண்ணு. எனக்கு வூட்டுக்குப் போயி புளியங்கொட்டையே போடு. தோல மட்டும் ஒழுங்கா எடு, பல்லு சந்துல மாட்டுது."