வந்திருந்தும் வரவில்லை

மருத்துவமனையில் பதிவு மேசைக்காரனுக்கு நோயும் தெரியாது, மருந்தும் தெரியாது. ஆனால் டாக்டர் மேல் வருகிற கோபம் முதலில் வந்து விழுகிற இடம் அவன்தான். விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருஷம் அந்த நாற்காலியில் இருந்தேன். ‘உங்கள் கடவுச்சொல் தவறு’ என்று ஒரு திரை சொன்னதைக் கேட்டு, உடம்பு வலியோடு வீடு திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவனுக்கும் அது சுகமாக இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போனுக்குள் ஆஸ்பத்திரி

வியாழக்கிழமைதோறும் சென்னையிலிருந்து ஒரு இருதய டாக்டர் எங்களிடம் வருவார். முன்பெல்லாம் காலையில் வந்து வரிசையில் நின்று டோக்கன் வாங்கினால் அவரைப் பார்த்துவிடலாம். ஸ்மார்ட்போன் பரவிய வருஷங்களில் நிர்வாகம் டோக்கனை நிறுத்தியது. இணையதளத்தில் பதிந்தால்தான் டாக்டர்.

இது தெரியாமல் வந்தவர்களில் திண்டிவனத்து அற்புதமேரியும் ஒருவர். அவர் கணவர் சவரிமுத்து கொத்தனார். சாரம் ஏறினால் மூச்சு வாங்கியது. இருதய வால்வு பழுது என்று எங்கள் வியாழக்கிழமை டாக்டர்தான் கண்டுபிடித்தார். பரிசோதனைகளை முடித்துக்கொண்டு வந்தால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம், சீக்கிரம் செய்துவிட்டால் மறுபடி சாரம் ஏறலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் வந்திருந்தார்கள்.

போனில் பதியாமல் பார்க்க முடியாது என்றேன். அற்புதமேரி டாக்டர் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். “டாக்டரு அதோ டீ குடிச்சிக்கினு இருக்காரு. எங்க வூட்டுக்காரரு இதோ ஒக்காந்துக்கினு இருக்காரு. நடுவுல போன் எதுக்கு சார்?”

டோலில் மாட்டிய எண்

சவரிமுத்துவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் அற்புதமேரி தன் அண்ணன் அந்தோணியின் எண்ணைக் கொடுத்தார். அந்தோணி லாரி டிரைவர். நான் விவரங்களைப் பதிந்ததும் அவர் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும். சில நிமிடங்களுக்குள் அதை இங்கே தட்ட வேண்டும்.

“அண்ணே, ஒரு நம்பரு வந்திருக்கும், ஜல்தி பாத்துச் சொல்லு!” என்று அற்புதமேரி கத்தினார். அந்தோணி அப்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றிருந்தார். பின்னால் ஒரே ஆரன் சத்தம். அவர் வண்டியை ஓரம் கட்டி எண்ணைப் படிப்பதற்குள் திரையில் ‘நேரம் முடிந்தது’ என்று வந்துவிட்டது. இன்னொரு எண் அனுப்பினேன்; அவர் பழையதையே மறுபடி படித்தார். ஒருவழியாக உள்ளே நுழைந்தபோது அந்த வாரத்து இடங்கள் நிரம்பியிருந்தன. அந்தோணியிடம் சொன்னேன். “ஓட்டிக்கினே போன எடுக்காதன்னு போலீசு சொல்றான். ஓரங்கட்டி எடுத்தா நம்பரு செத்துப்போச்சுன்னு நீங்க சொல்றீங்க. நான் யாரு பேச்சத்தான் கேக்கறது?”

துண்டு போட்டவர்

அடுத்த முறை அந்தோணியே தன் போனில் பதிந்தார். ஒரே இடம் போட்டால் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் சவரிமுத்து பெயரோடு தன் மனைவி பெயரிலும், இரண்டு மகள்கள் பெயரிலும் சேர்த்துப் பதிந்துவிட்டார். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே கணக்குதான். எந்தப் பெயரை முதலில் கூப்பிட்டாலும் சவரிமுத்துவை உள்ளே அனுப்பிவிடலாம் என்பது அவர் திட்டம்.

அன்று திரையில் அந்தோணியின் மனைவி பெயர் வந்தது. பெயருக்கு உரியவரைத்தான் உள்ளே விடுவார்கள் என்று விளக்கினேன். “சரி, எங்க மச்சான் பேரு வரட்டும்” என்று அந்தோணி சொல்ல, மூவரும் காத்திருந்தார்கள். மகள்கள் பெயரும் வந்து போயின. ஒரே எண்ணில் மூன்று பேர் வராமற்போனால் அந்த எண்ணை மூன்று மாதம் முடக்கி, மிச்சமிருக்கும் பதிவையும் ‘வரவில்லை’ என்று குறித்து நீக்கிவிடுவது இணையதளத்தின் விதி. நாலாவதாக இருந்த சவரிமுத்துவின் பெயர் திரையிலிருந்து மறைந்தது. அவர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

மேலாளரிடம் ஓடினேன். பூட்டைத் திறக்கச் சென்னை அலுவலகத்தால்தான் முடியும் என்றார். கணினியில் பெயர் இல்லாதவரைப் பார்க்கக் கூடாது என்று டாக்டருக்கும் உத்தரவு. என் எண்ணில் பதிந்து பார்த்தேன். ‘இவர் ஏற்கெனவே வேறு எண்ணில் பதிவு செய்யப்பட்டவர்’ என்று தள்ளிவிட்டது. வேறு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். முதலிலிருந்து பார்த்தவர் இவர்தான் என்று அற்புதமேரி மறுத்துவிட்டார். அந்தோணி என் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டார்: “பஸ்ல துண்டு போட்டா ஏறுற வரைக்கும் அந்த எடம் நம்மளுது. நீங்க என்னடான்னா துண்டு போட்டவன பஸ்ஸ வுட்டே எறக்கிட்டீங்களே சார்?”

டாக்டரின் கேள்வி

அதன் பிறகும் கணவனும் மனைவியும் வியாழக்கிழமை தவறாமல் வந்தார்கள். யாராவது மனசு மாறித் திறந்துவிட மாட்டார்களா என்ற நப்பாசை. நானும் ஒவ்வொரு வியாழனும் சென்னைக்குப் போன் போட்டேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று பதிவு செய்த குரல் ஒன்று சொல்லும். பிறகு பாட்டு ஓடும்.

மூன்று மாதம் முடிந்து இடம் கிடைத்தபோது சவரிமுத்துவால் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். இருதயம் வீங்கிவிட்டது, உயிரைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்யலாம், ஆனால் சாரத்தை மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். “கீழ நின்னு கலவையாவது போடலாமா சார்?” என்று சவரிமுத்து கேட்டார். டாக்டர் அதற்கும் கூடாது என்று தலையசைத்துவிட்டு, “கம்ப்யூட்டர்ல வரலைன்னுதானே காட்டுது. இத்தன நாள் ஏம்மா வரல?” என்று கடிந்துகொண்டார். அற்புதமேரி நிதானமாகப் பதில் சொன்னார்: “வந்துக்கினுதான் இருந்தோம் டாக்டர். நீங்க வந்து போறத பாத்துக்கினு, அந்த வெளி நாற்காலிலதான் ஒக்காந்துக்கினு இருந்தோம்.”

கண்ணுக்குத் தெரிந்த வரிசையில் மூச்சு வாங்குகிறவரைப் பார்த்து ‘நீ முன்னால போப்பா’ என்று சொல்ல ஒருவராவது இருந்தார். நாங்கள் பெருமையோடு ஒழித்தது அந்த வரிசையைத்தான்.