சைக்கிளில் ஓடும் கிற்றார்

குருநகர் மாதா கோயில் வளவில் பின்னேர வெயில். போரால் ஊரில் கரண்ட் இல்லை. ஆனாலும் எலெக்ட்ரிக் கிற்றாரில் ரொக் முழங்குகிறது. கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் பெடலை ஒரு மீனவர் கையால் சுற்ற, டைனமோவில் ஸ்பீக்கர் பாடுகிறது. நரைத்த கிற்றார்காரரின் விரல்களுக்கு ட்ரம்ஸும் எக்கோடியனும் சளைக்காமல் ஈடுகொடுக்கின்றன.

திடீரென்று கிற்றார் மட்டும் ஊமையாகிறது. மீனவர் பெடலைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்னண்ணை, நிப்பாட்டிட்டியள்?" என்கிறேன்.

"சங்கிலிச் சத்தத்திலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லைத் தம்பி. வடிவாக் கேப்பமெண்டு நிப்பாட்டினன்."

கிற்றார்காரரே சிரித்துவிடுகிறார். பெடலை நான் வாங்கிச் சுற்றுகிறேன். இந்தக் கிற்றாரைக் கேட்கவென்றே கிளாலிக் கடல் தாண்டி வந்த என் காதில் இப்போது சங்கிலிதான் கடகடக்கிறது. மீனவரின் தலை ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து, பாட்டு நன்றாகத்தான் போகிறது என்று தெரிந்துகொள்கிறேன்.