ராகு காலத்தில் ஒரு தவறணை

மொன்றியல் நகர நடுவில் இருந்த அந்தப் பழைய தவறணையை, அந்த பியர்க்கடையை, முதலில் நடத்தியவர் ஓர் ஐரிஷ்காரர். அடுத்து வந்த பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெண்கள் உள்ளே வரக்கூடாது, சட்டமே அப்படி. சட்டம் மாறியதும் ஒரு கிரேக்கர் வாங்கிப் பெண்களுக்குக் கழிவறை கட்டினார். அவரிடம் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த என் சித்தப்பா, இரண்டாயிரங்களின் நடுவில், நான்காவது உரிமக்காரர் ஆனார்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் பிரெஞ்சில் பதில் சொன்னது நான்தான். இந்த வரலாற்றையும் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்து வைத்திருந்தேன். அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

போகும்போது கிரேக்கர் சித்தப்பாவிடம் சொன்னது ஒன்றுதான்: கதவு திறக்க முன்னமே வந்து நிற்கும் கிழவர்கள்தான் கடை, அவர்கள் எதிர்ப்பக்கத்து பாருக்குப் போய்விட்டால் நீ பூட்டவேண்டியதுதான். இந்தக் கடைக்காக செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த தன் வீட்டை ஈடு வைத்திருந்த சித்தப்பாவுக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திறப்பதாக எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். அன்று கடைக்குள் பால் காய்ச்ச அடுப்பை மூட்டப்போன சித்தி அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, இப்ப ராகு காலமெல்லோ! பன்னிரண்டுக்குப் பிறகுதான் கதவு திறக்கலாம்."

"விசரே உனக்கு? வெளியில சனம் குளிருக்க நிக்குது!"

"நிக்கட்டும். வீட்டை வைச்சுச் செய்யிற அலுவல்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "தம்பி, நீ படிச்சனி. போய் ஏதாவது சொல்லு."

நான் பின்வாசலால் சுற்றிப் போனேன். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாடிக்காரர் முன்னால் நின்றார். இது எங்களுக்குக் கெட்ட நேரம், பன்னிரண்டு மணி வரை கதவு திறக்கமாட்டோம் என்று பிரெஞ்சில் விளக்கினேன்.

"கெட்ட நேரமா?" என்றார் அவர். "அதைப் போக்கத்தானே நாங்கள் இங்கே வருகிறோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் இரண்டு பேர் எதிர்ப்பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவர் நடைபாதையிலிருந்து இறங்கியும் விட்டார்.

உள்ளே ஓடிவந்து சொன்னேன். சித்தி கொஞ்சம் யோசித்தார்.

"கதவைத்தானே திறக்கக்கூடாது எண்டனான். யன்னலைத் திறவுங்கோ."

படையலுக்குச் சுட்ட வடை யன்னலால் வெளியே போனது. தெருவில் இறங்கியவர் திரும்பி வந்தார். தாடிக்காரர் ஒரு வடையைக் கடித்துவிட்டு, உள்ளே மேசையில் இருந்த மஞ்சள் கடுகுச் சோஸ் போத்தலைத் தரச்சொல்லிக் கை நீட்டினார். பிறகு எல்லாருக்கும் கடுகு வேண்டும். சித்தி தலையில் கைவைத்தார். அடுத்த தட்டை நிரப்பவும் செய்தார்.

"கடுகுக்குள்ள வடை தெரியேல்லையப்பா!"

"தின்னுறாங்கள், விடு!"

பன்னிரண்டு அடித்துக் கதவு திறந்தபோது பால் பொங்கிக்கொண்டிருந்தது. சித்தி அதை பியர் கிளாஸில் ஊற்றித் தாடிக்காரரிடம் நீட்டினார். அவர் ஒரே மூச்சில் குடித்து, மீசையில் ஒட்டிய பாலைத் துடைத்து, தன் வழக்கமான கதிரையில் கனமாக உட்கார்ந்தார்.

"சரி," என்றார் சித்தப்பாவைப் பார்த்து, "இனிக் குடிக்க என்ன இருக்கிறது?"