லாரிகளுக்கு நடுவே பிறந்தவள்

நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள் நான். ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டதனம்.

சென்ற ஆண்டு மழைக்காலம். எனக்கு எட்டாம் மாதம். மதியம் சோறு வடிக்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. என் முதல் பிள்ளையும் இப்படித்தான் அவசரப்பட்டு வந்து, பிறந்த அன்றே போய்விட்டான். கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆம்புலன்ஸ் வரும்வரை அவருக்குப் பொறுமை இல்லை. என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மீஞ்சூர் தாண்டுவதற்குள் மாட்டிக்கொண்டோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் லாரி. எங்கே பார்த்தாலும் டயர்தான் தெரிந்தது. திரும்பவும் இடமில்லை. இவர் ஹாரனை அடித்துக்கொண்டே அழுதார்.

"செங்கடலைப் பிளந்தீரே, இந்த லாரியைப் பிளக்க முடியாதா?" என்று கத்தினேன். அது ஜெபமா? சண்டை! அந்த டிரைவர்களை வாய்க்கு வந்தபடி சபித்தேன். ஒரு லாரிகூட அசையவில்லை. இந்தப் பிள்ளையும் நமக்கில்லை என்று நினைத்துவிட்டேன்.

அப்போது ஒரு அம்மா ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குத் தடுப்பூசி போட வரும் நர்ஸம்மா. அவர் ஸ்கூட்டியும் அதே நெரிசலில் சிக்கியிருந்தது.

"ஐயோ, தலை தெரியுதே! இன்னாப்பா அழுதுகினு நிக்கற? சுத்தமா துணி எதுனா வாங்கினு ஓடியா!" என்று இவரை விரட்டினார்.

இவர் லாரி லாரியாக ஓடினார். துவைத்த லுங்கிகள் வந்தன. ஒரு டிரைவர் தார்ப்பாயை இழுத்து ஆட்டோவைச் சுற்றி மறைத்தார். "அல்லாரும் முதுவத் திருப்பினு நில்லுங்கப்பா!" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் சபித்த மனிதர்கள்தான் எனக்குச் சுவராக நின்றார்கள்.

பெண் பிள்ளை. அழவில்லை. நீலம் பாரித்திருந்தது. நர்ஸம்மா துடைத்தார், முதுகைத் தேய்த்தார். பிறகு பூனைக்குட்டி போல ஒரு சின்னச் சத்தம். கேட்டதும் நான்தான் ஓவென்று அழுதேன்.

பிள்ளையை என் வெறும் மார்பில் போட்டு, லுங்கியால் மூடினார். "ஆசுபத்திரி போற வரிக்கும் எடுக்காத கண்ணு. உன் சூடுதான் இதுக்கு மருந்து."

டிரைவர்கள் லாரிகளை அங்குலம் அங்குலமாக ஒதுக்கி, ஓர் ஆட்டோ போகும் அளவுக்கு வழி விட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் இருந்து தேறி, மகள் வீடு வந்தாள்.

நான் கேட்டபடி அப்போதே சாலை திறந்திருந்தால், நர்ஸம்மா ஸ்கூட்டியில் எங்களை முந்திப் போயிருப்பார். பிள்ளை யார் கையில் பிறந்திருக்கும்? அன்று முதல் நான் ஆண்டவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதில்லை. அடைபட்டுக் கிடப்பவர்களே, சண்டை போட்டாவது அவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

என் மகள் லாரி ஹாரனுக்கு எழுந்திருப்பதே இல்லை. அவளுக்கு அது தாலாட்டு.