யாக்கோபுக்கு வந்த அழைத்தல்

ஒரகடம் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்த வாரத்தில்தான் யாக்கோபுக்கு ஆண்டவரின் அழைத்தல் வந்தது. அதற்கு முன்னும் வந்திருக்கிறது. சூப்பர்வைசர் திட்டியபோது ஒருதரம், பெண் வீட்டார் வேண்டாம் என்றபோது ஒருதரம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். வல்லம் வடகாலில் என் அறையில்தான் கிடந்தான். தன் பனியனைக்கூட ஊறவைத்துவிட்டுப் போய்விடுவான். நாற்றம் தாங்காமல் நான் அலசிப் போடுவேன்.

இந்தமுறை நிஜமாகவே கிளம்பினான். செங்கல்பட்டைத் தாண்டி, படுக்கையில் கிடக்கும் ஆதரவற்ற முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு துறவற சபை, சில மாதம் இருந்து பார் என்று சொல்லியிருந்தது. அதற்குள் சர்ச் வாசலில் ஃப்ளெக்ஸ். அதில் அவன் கழுத்துக்குக் கீழே வெள்ளை அங்கி. பென்னலூர் ஃப்ளெக்ஸ் கடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒட்டவைத்தது அவன்தான். பூசை முடிந்து மாலை, சால்வை, பிரியாணி. நன்றி சொல்ல எழுந்தவன் இயேசுவைவிடத் தன்னைப் பற்றியே அதிகம் பேசினான். மரியாதைக்கு வந்திருந்த வீட்டுக்காரம்மா மஞ்சுளா என் பக்கம் சாய்ந்து, "சேவை பண்ணப் போறவனுக்கு இன்னாத்துக்குப்பா இவ்ளோ மாலை?" என்றார்.

மழைக்காலம் முடியுமுன் போன் வந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம், வந்து கூட்டிப்போகச் சொன்னான். போனேன். பையோடு கேட்டருகே உட்கார்ந்திருந்தான். சபையின் மூத்த பிரதர் என்னை உள்ளே அழைத்து டீ கொடுத்தார். முதல் நாளே வாளியையும் துணியையும் கையில் கொடுத்தார்களாம்; இவன் அங்கி எப்போது தருவீர்கள் என்று கேட்டானாம். கிழவர்களைத் தொட அருவருத்ததால் சமையலறைக்கு மாற்றினார்களாம். எனக்கு ஆச்சரியமே இல்லை.

பிறகு அவர் நெல்லையப்பனைப் பற்றிச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் கிடந்தபோது கொண்டுவரப்பட்ட, நினைவு தப்பிய பெரியவர். சாப்பாடு கொண்டுபோன யாக்கோபைத் தன் மகன் என்றே நினைத்தாராம். வேறு யார் ஊட்டினாலும் வாய் திறக்க மாட்டாராம். இவன் முணுமுணுத்துக்கொண்டே ஊட்டுவானாம். உயிர் பிரிந்த அன்று காலையிலிருந்து அந்தி வரை அவர் இவன் கையை விடவில்லை. இவனும் உருவிக்கொள்ளவில்லை, சாப்பிடக்கூட எழவில்லை. உடலைக் குளிப்பாட்டியதும் இவன்தான்.

"அன்னைக்குத்தான் இவனுக்கு அழைத்தல் இருக்குன்னு நம்பினேன். மறுநாளே பையக் கட்டிட்டான்" என்றார் பிரதர்.

பஸ்ஸில் ஏன் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "இன்னொரு பெரியவர அப்படி அனுப்பிவைக்க என்னால ஆவாதுடே."

அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மையான வார்த்தை அது. ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கும்போதே அதைத் துடைத்துப் போட்டுவிட்டான். சபையில் ஆவிக்குரிய வாழ்வே இல்லை, வெளியே தனக்குப் பெரிய ஊழியம் காத்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னான்.

இப்போது அவன் 'பிரதர் யாக்கோபு'. பெண்கள் ஹாஸ்டல் மாடியில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துகிறான். வேலை நிரந்தரமாக வேண்டுமென்று வரும் பிள்ளைகளின் தலையில் கை வைக்கிறான். ஒருமுறை நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். தான் ஜெபித்ததும் முடவன் ஒருவன் எழுந்து நடந்ததாகச் சாட்சி சொன்னான். பிள்ளைகள் கண்ணீர் விட்டார்கள்.

நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.