டயருக்கு விடை கொடுத்த நாள்

கால்பந்துக் கிளப்பில் எல்லோருக்கும் அவள் சட்டையக்கா. பார்வையாளர் மாடத்துக்கு அடியில் சன்னல் இல்லாத ஓர் அறை, மூன்று சலவை இயந்திரங்கள், சட்டையில் சின்னத்தைச் சூடாக அழுத்தி ஒட்டும் ஓர் அச்சு. பதினெட்டு வருடமாக அதுதான் அவள் ராஜ்ஜியம். ஆட்டக்காரரின் முகத்தை மறந்தாலும் மறப்பாள், மார்பளவை மறக்கமாட்டாள். இயந்திரம் சுற்றச் சுற்ற அவளுக்குக் கண் சொக்கும். ஆவிக்குள் சட்டைகள் ஆளில்லாமலே பந்தை உதைத்துக்கொண்டு மிதந்து போகும். சில நாள் கோல்கூடப் போடும்.

சட்டைகளின் மார்பில் இருந்தது, கிளப்புக்குப் பணம் கொடுக்கும் டயர் கம்பெனியின் சின்னம். அவள் கணவர் அந்தக் கம்பெனியில்தான் டயரை அச்சில் வார்க்கிறவர். டிவியில் மேட்ச் ஓடும்போது மனிதர் பந்தைப் பார்த்ததே கிடையாது. "பாரு, நம்ம கம்பெனி ஓடுது" என்பார். தோற்றாலும் கவலையில்லை, சட்டை கிழியக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வருடம் கிளப், கடல் கடந்த பெரிய கிளப் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தது. பெரிய இடத்துச் சம்பந்தம் ஆயிற்றே! வந்தவர்கள் கையோடு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் கூட்டி வந்தார்கள். டயரைக் கழற்றிவிட்டார்கள். செய்தி கேட்ட நாளிலிருந்து கணவர் அவளிடம் பேசவில்லை, ஏதோ அவள்தான் கையெழுத்துப் போட்ட மாதிரி. பதினோரு நாளாக வீட்டில் தட்டும் கரண்டியும்தான் பேசிக்கொண்டன. அவளுக்கு அது தாங்கவே முடியவில்லை.

ஒப்பந்த நாள் வந்தது. நான்கு மணிக்குக் கேப்டன் புதுச் சட்டையோடு படத்துக்கு நிற்க வேண்டும். மத்தியானம் பாதிக் கனவில் அச்சை இறக்கி, பதினைந்து எண்ணித் தூக்கினாள். புத்தம் புதுச் சட்டையில் பளிச்சென்று டயர்! பழகிய கை பழைய சின்னத்தையே எடுத்து வைத்திருந்தது. உரித்தால் தடம் நிற்கும். அந்த அளவில் மிச்சமிருந்தது ஒரே சட்டை.

எட்டிப் பார்த்த மேனேஜர், "முடியலன்னா சொல்லிடுங்கக்கா, இனிமே அவங்க ஆளுங்களே இதைப் பாத்துக்கட்டும்" என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார். கணவரை விட்டால் அவள் வேறு யாரைக் கூப்பிடுவாள்? போனை எடுத்தாள்.

"எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கொஞ்சம் வர்றீங்களா?"

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. ஆனால் அரை மணி நேரத்தில் கணவர் வாசலில் நின்றார். கெட்டுப்போன சட்டையை விரலால் தடவினார்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கே" என்றார். பதினோரு நாளைக்கப்புறம் முதல் பேச்சு.

அவள் மிச்சச் சட்டையை விரித்துப் புதுச் சின்னத்தை வைத்தாள்.

"கோணலா இருக்கு."

"கண்ணே தெரியலைங்க. நீங்களே வைங்க."

அவர் வைத்தார், நூல் பிசகாமல். அச்சின் பிடியை இறக்கி அழுத்தினார். "எண்ணு" என்றார்.

எண்ணினாள். பதினைந்து வந்துவிட்டது. அவர் கை எழவில்லை. இன்னும் சற்று விட்டால் துணி கருகிவிடும். அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். இருவருமாகப் பிடியைத் தூக்கினார்கள்.